ஒன்பது வயது அரசனின் சிவப்பு மை

ஜூன் மாதத்துக் காலைப் பனி கடலிலிருந்து ஏறி வந்து கான்ஸ்டாண்டிநோபிளின் தெருக்களை நிரப்பிவிட்டால், எங்கள் நகரத்தில் யாருக்கும் வேலை ஓடாது. கோயில் குவிமாடங்கள் அடியில்லாமல் மிதக்கும். மணியோசை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. கழுதைக்காரன்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் திட்டுவான். அப்படி ஒரு காலையில், கடற்சுவரை ஒட்டிய தன் வீட்டு மாடியில் பர்தானிஸ் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்து ஏமாந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். முப்பது வருடம் அரண்மனையின் அரியணைக் கூடத்தில் மௌனக் காவலராக இருந்தவர் அவர். மன்னர் பேசும்போது வேறு யாரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்வதுதான் உத்தியோகம். இதற்கெல்லாம் ஒரு பதவியா என்று கேட்காதீர்கள். எங்கள் அரண்மனையில் கொட்டாவி விடுவதற்கு ஒரு பதவி இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். வெள்ளிப் பிரம்பைப் பிடித்தபடி பேசாமல் நின்ற மனிதர், நின்ற இடத்திலிருந்து பார்க்கக் கற்றுக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு, நகரத்தில் ஏதாவது காணாமல் போனாலோ புரியாமல் போனாலோ ஜனங்கள் அவர் வீட்டுப் படியேறினார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வாசனைத் தைல வியாபாரி தராசியோஸ். அரண்மனை வாசலுக்கு நேர் எதிரே கடை. மூக்கு கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை.

"இந்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து புதினா எண்ணெய்தான் அண்ணே ஓட்டம். ஊரெல்லாம் சளி! அரண்மனை மைக்கூட்டுக் காப்பாளர் கலிஸ்தோஸ்கூட ஒண்ணாந்தேதி விடிஞ்சதுமே ஆள் அனுப்பி வாங்கினாரு. அவரு பேசினா 'ம' எல்லாம் 'ப'வாகுதுன்னு வேலைக்காரன் நடிச்சே காட்டினான். நான் சிரிச்ச சிரிப்புல ஒரு குப்பி உடைஞ்சு போச்சு."

பர்தானிஸ் ஒரு விரலை உயர்த்தினார். படியில் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

"ஐயா, எங்க அக்கா கண்ணைப் பிடுங்கப் போறாங்க. நாளை மறுநாள் உச்சிப் பொழுதுக்கு." வந்தவள் நின்ற நிலையிலேயே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். விரல்களில் நீலமும் மஞ்சளுமாகச் சாயக்கறை. சந்தைத் தெருவில் நூல் கடை வைத்திருக்கும் செவஸ்தி.

"யாரும்மா உன் அக்கா?" என்றார் தராசியோஸ்.

"தெக்லா. தத்துவம் சொல்லிக் குடுக்கறாளே."

"சின்ன மன்னருக்குப் பாடம் எடுக்கற தெக்லா அம்மாவா?"

"அவளேதான். ஒரு நாளாவது மாவு பிசைஞ்சிருப்பாளா? 'சிவப்புங்கறது செர்ரிப் பழத்துல இல்லடி செவஸ்தி, பாக்கிற உன் கண்ணுலதான் இருக்கு'ன்னு எனக்கே பாடம் எடுப்பா. நான் சாயம் போட்டுப் பொழைக்கறவ. சாயம் என் கண்ணுல இருந்தா கையில ஏன் கறை படியுதுன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறா. இப்ப பாருங்க, அந்தக் கண்ணுக்கே..." மேற்கொண்டு அவளால் முடியவில்லை.

பர்தானிஸ் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது.

அரண்மனை நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. யாரோ ஒரு மறக்கப்பட்ட தத்துவவாதி நிறங்களைப் பற்றி எழுதியது. நகரத்தில் அதற்கு ஒரே ஒரு பிரதி. சின்ன மன்னரின் பாடத்துக்காகத் தெக்லா அதை வீட்டில் வைத்திருந்தாள். ஜூன் முதல் தேதி சாயங்காலம் ஒரு சுமையாள் வந்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி ஓர் அரச ஆணையை நீட்டினான். அவளும் கொடுத்தாள். பதினெட்டு நாள் கழித்து மகாராணி அந்தப் புத்தகத்தைக் கேட்டபோது, அப்படி ஓர் ஆணையே போகவில்லை என்று தெரிந்தது. வீட்டைச் சோதித்தார்கள். தெக்லாவின் தலையணைக்குக் கீழே ஆணை இருந்தது. அடியில் கையெழுத்தும் இருந்தது, சிவப்பு மையில்.

"சிவப்பா!" தராசியோஸ் எழுந்தே நின்றுவிட்டார். அவர் எழுந்ததற்குக் காரணம் உண்டு. சிவப்பு மையால் எழுத உலகத்தில் ஒருவருக்குத்தான் உரிமை, மன்னருக்கு. மன்னர் சிறுபிள்ளையாக இருந்தால், அவருக்குப் பதினைந்து வயது நிறையும்வரை பாதுகாவலர் பச்சை மையில்தான் கையெழுத்திட வேண்டும். அந்த வருடம் அரியணையில் இருந்தவனுக்கு வயது ஒன்பது. இரண்டு வருடமாக அவன் தாய் மகாராணி பச்சையில்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் சிவப்பில் ஒரு கோடு இழுத்தால்கூட, 'நானே மன்னன்' என்று கூவியதற்குச் சமம். எங்கள் ஊரில் பால்குடி மறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

"புத்தகத்தை வித்துட்டு இவளே பொய் ஆணை எழுதிக்கிட்டான்னு சொல்றாங்க. அந்தக் கர்பியானோஸ் இருக்கானே, சின்ன மன்னருக்கு வாத்தியாராகணும்னு ரெண்டு வருஷமா நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அலையறவன், அவன்தான் எல்லாத்துக்கும் முன்னால நின்னு கத்தறான். அவன் வேலையாத்தான் இருக்கும் ஐயா."

"அக்கா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா! வாய் ஓயாதவ, வாயே திறக்கல."

பர்தானிஸ் முதன்முறையாகக் கண்ணை முழுசாகத் திறந்தார். "புத்தகத்தோட அட்டை எப்படி?"

"தங்கத் தகடு போட்டது. கொக்கி கழண்டுச்சுன்னு தட்டான்கிட்ட குடுத்திருந்தா. அது இன்னும் அங்கதான் கிடக்கு."

"வந்த ஆள் அட்டையைக் கேட்டானா?"

"இல்லையே. வெறும் ஏட்டை வாங்கிட்டுப் போயிட்டான். அந்தப் பாவி எந்தக் கப்பல்ல ஏறினானோ, ஆளையே காணோம்."

"நீ கடையைத் திறம்மா," என்றார் பர்தானிஸ். "நாளை மறுநாளுக்கு இன்னும் நேரம் இருக்கு."

தெக்லாவை அடைத்திருந்த அறை, பழைய நிலத்தடி நீர்த்தொட்டிக்கு மேலே இருந்தது. தரைக்குக் கீழே எங்கோ ஒரு சொட்டு விழும். அதன் எதிரொலி அடங்குவதற்குள் இன்னொன்று விழும். அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே, நாம் விழித்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். ஐம்பது வயதுப் பெண்மணி, சுவரில் சாய்ந்தபடி சன்னலில் தெரிந்த துண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தவரை பார்த்துவைத்துக்கொள்கிறாள் என்று தோன்றியது.

பர்தானிஸ் கேட்டார்: "கையெழுத்து சிவப்புன்னு அன்னிக்கே பாத்தீங்க இல்லையா?"

"பாத்தேன்."

"பாத்துமா புத்தகத்தைக் குடுத்தீங்க?" என்று பாய்ந்தார் தராசியோஸ். பர்தானிஸின் விரல் உயர்ந்தது.

"அந்தப் பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கேட்டுக்கிட்டே இருந்தானா அம்மா?"

தெக்லா திரும்பினாள். கண்கள் நிறைந்துவிட்டன. "நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீங்க சொல்லல."

"சொல்லவும் மாட்டேன். அவனோட சித்தப்பா படையோட ஊர் வாசல்ல உட்காந்திருக்காரு. ஒரு சாக்கு கிடைச்சாப் போதும் அவருக்கு." அவள் குரல் தழுதழுத்தது. "பிள்ளைங்க விளையாட்டாச் செய்யும். விளையாட்டுன்னு தெரியாமலே செய்யும்."

வெளியே வந்ததும் தராசியோஸ் தலையைப் பிய்த்துக்கொண்டார். "என்ன அண்ணே இது, ஒண்ணுமே புரியல."

"பதினஞ்சு வயசுக்கு முன்னால மன்னர் சிவப்பு மையைத் தொட்டா, அம்மாவோட பாதுகாவல் ரத்து. அடுத்த உறவுக்குப் போயிடும். சித்தப்பா கைக்கு வந்த குழந்தை மன்னருங்க எத்தனை நாள் உயிரோட இருப்பாங்கன்னு உனக்கே தெரியும். ஆசையா கேட்ட புத்தகத்துக்காகப் பையன் தானே கையெழுத்துப் போட்டுட்டான்னு இந்த அம்மா நம்புறாங்க. அவனைக் காப்பாத்தத்தான் பேசாம இருக்காங்க."

"தன் கண்ணைக் குடுத்தா?"

"தன் கண்ணைக் குடுத்துத்தான்."

தராசியோஸ் தெருவில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டார். அது சளி இல்லை.

"பையன்தான் போட்டானா அண்ணே?"

"யார் போட்டாங்கறதை மை சொல்லும். வா."

மைக்கூட்டுக் காப்பாளர் கலிஸ்தோஸின் அறை அரண்மனைத் தோட்டத்தைப் பார்த்து இருந்தது. மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். நகரத்திலேயே அழகான கறுப்பு எழுத்து அவருடையது. அந்த எழுத்தை வைத்தே அந்தப் பதவிவரை ஏறினார் என்பார்கள். பதினேழு வருடமாக மன்னர்களின் கையில் பேனாவை எடுத்துக் கொடுத்தவர். அவர் மேசைமேல், பார்க்கப் பார்க்க ஆசையாக, இரண்டு தங்க நாய்க்குட்டிகள் உட்கார்ந்திருந்தன. அவைதான் அரச மைக்கூடுகள். ஒரே வார்ப்பு, ஒரே அளவு. ஒன்றுக்கு மாணிக்கக் கண், மற்றதுக்கு மரகதக் கண். வித்தியாசம் அவ்வளவுதான்.

"மாணிக்கக் கண்ணு சிவப்பு மை. என்னிக்கும் வலப்பக்கம் இருக்கும்," என்றார் கலிஸ்தோஸ். "ரெண்டு வருஷமா யாரும் தொடல. ஆனாலும் வழக்கத்தை விட முடியுமா? மாசாமாசம் ஒண்ணாந்தேதி ரெண்டையும் பட்டறைக்கு அனுப்பிக் கழுவி, புது மை ஊத்தி வெப்போம்."

"இந்த மாசமும் ஒண்ணாந்தேதிதானா?"

"ஆமா. பட்டறையிலதான் யாரோ கொஞ்சம் திருடியிருக்கணும்னு எனக்குத் தோணுது."

அவர் மூடிகளைத் திறந்து காட்டினார். திறந்ததும் ஒவ்வொன்றின் மீதும் லேசாகக் குனிந்து நிமிர்ந்தார், பூவை முகர்வதைப் போல. பிறகு தன் பொறுப்பில் இருந்த சாட்சியப் பெட்டியிலிருந்து அந்த ஆணையை எடுத்துத் தந்தார். தராசியோஸ் அதை வாங்கி மூக்கருகில் பிடித்தார்.

"பன்னீர்! அண்ணே, இது நம்ம கடைப் பன்னீர். அரண்மனைச் சிவப்புல மட்டும்தான் கலப்பாங்க. பச்சைக்கு இந்த யோகம் கிடையாது, அது செம்புக் களிம்புல காடி ஊத்திச் செய்யறது, கிட்ட வந்தாலே சுள்ளுனு ஏறும்."

"அப்ப இது அந்த நாய்க்குட்டி வயித்துலேருந்து வந்த மைதான்," என்றார் பர்தானிஸ்.

"அதுக்காக என்னைச் சந்தேகப்பட முடியுமா?" கலிஸ்தோஸ் புன்னகைத்தார். "பச்சை போட வேண்டிய இடத்துல சிவப்பு போடறதுக்கு நான் என்ன பைத்தியமா? தெருவுல விளையாடற பிள்ளைகூடச் செய்யாத தப்பு."

"செய்யாதுதான்."

விடைபெறும்போது கலிஸ்தோஸ் தோட்டத்துச் செர்ரி மரத்தில் அவர்களுக்காகப் பழம் பறித்தார். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துப் பார்த்துப் பறித்தார். பனி விலகி வெயில் வந்திருந்தது. இலைகளுக்கு நடுவே பழங்கள் கண்ணைப் பறித்தன. தராசியோஸ் இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை தேர்ப் பந்தயம். நீங்க பரம்பரையா பச்சைத் தேருக்குக் கத்தற பச்சைக் கட்சியாச்சே, வருவீங்கல்ல?"

"சின்ன வயசுல ஒரே ஒரு தடவை போனேன். அதோட சரி," என்றார் கலிஸ்தோஸ்.

வாசலைத் தாண்டியதும் தராசியோஸ் முகத்தைச் சுளித்துத் துப்பினார். "சே! ஒண்ணு காய். பச்சைப் பசேல்னு இருக்கு, பறிச்சுக் குடுத்திருக்காரே மனுஷன்!"

பர்தானிஸ் அந்தக் காயை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். அரைத் தெரு தூரம் நடந்திருப்பார். பிறகு நின்றார்.

"தராசியோஸ், உன் கடையில புகைய வெச்சா ஒரு கூடமே மூச்சு முட்டற மாதிரி ஏதாவது இருக்கா?"

"கஸ்தூரியும் குங்கிலியமும் சேத்துப் போட்டா சிலைக்கே தும்மல் வரும் அண்ணே. எதுக்கு?"

"நாளை மறுநாள் உச்சிக்கு முன்னால வேணும். மகாராணிகிட்ட நான் பேசிக்கறேன்."

அந்த நாளும் வந்தது. அரியணைக் கூடத்தின் சன்னல்களையெல்லாம் அடைத்திருந்தார்கள். தராசியோஸ் இரண்டு கையிலும் தூபக்கால் வைத்துக்கொண்டு தூணுக்குத் தூண் போய்வந்தார். புகைக்குள் விளக்குகள் மங்கின. சுவரிலிருந்த பொன்னிற மன்னர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து மறைந்து தெரிந்தார்கள். யார் உயிரோடு நிற்கிறார்கள், யார் சித்திரம் என்று சொல்ல முடியவில்லை. உயர்ந்த அரியணையில் கால் தரையில் எட்டாமல் சின்ன மன்னர் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மகாராணி. கீழே காவலுக்கு நடுவில் தெக்லா, தூணைப் பிடித்தபடி செவஸ்தி, முன் வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு கர்பியானோஸ்.

"தண்டனை ஆணையில் கையெழுத்திட வேண்டும். கலிஸ்தோஸ், மை," என்றாள் மகாராணி.

கலிஸ்தோஸ் முன்னால் வந்தார். மேசைமேல் இரண்டு தங்க நாய்க்குட்டிகள். இரண்டு மூடிகளையும் திறந்து குனிந்தார். புகை மூக்கில் ஏறியது, தும்மினார். மறுபடி குனிந்தார். கட்டைவிரல் ஒரு நாயின் கண்ணைத் தடவியது, மற்றதன் கண்ணையும் தடவியது. எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் இடப்பக்கத்து நாயில் நாணல் பேனாவைத் தோய்த்து, மண்டியிட்டு, மகாராணியிடம் நீட்டினார்.

பேனா முனையிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. ரத்தச் சிவப்பாக விழுந்தது.

கூடமே மூச்சை உள்ளிழுத்தது. ஏன் என்று தெரியாமல் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு மண்டியிட்டிருந்தவர் கலிஸ்தோஸ் ஒருவர்தான்.

அந்த முகத்தைப் பார்த்த பர்தானிஸுக்கு வெற்றி பெற்ற மகிழ்ச்சி வரவில்லை. அவருக்கு வருத்தமாக இருந்தது. அவர் மெதுவாக முன்னால் வந்தார். முப்பது வருடம் அவர் வாய் திறக்காத கூடம் அது.

"மகாராணி, எங்க தாய்மாமா ஒருத்தர் இருந்தாரு. தேர்ப் பந்தயத்துல பச்சைக் கட்சி, உசிரையே விடுவாரு. ஆனா சிவப்புத் தேர் முன்னால போனாலும் எழுந்து குதிப்பாரு. பச்சைக்காரங்க ஒரு நாள் அவரைப் போட்டு மிதிச்சுட்டாங்க. அவரு அழுதுகிட்டே கேட்டாரு, 'ரெண்டும் ஒரே மாதிரிதானடா இருக்கு, எப்படிடா கண்டுபிடிக்கறீங்க?' அப்ப நான் சிரிச்சேன்."

கலிஸ்தோஸ் தலை குனிந்தார்.

"இந்த வழக்குல எல்லாரும் ஒரு கேள்வியை விட்டுட்டாங்க. பொய் ஆணை எழுதறவன் ஏன் சிவப்புல எழுதணும்? தெக்லா அம்மாவே எழுதியிருந்தா பச்சையிலதான் எழுதியிருப்பாங்க. சின்ன மன்னருக்கு நாள் தவறாம பாடம் எடுக்கறவங்களுக்கு இது தெரியாதா?"

"மாட்டிவிடறதுக்காக யாராவது வேணும்னே..." என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லோர் கண்களும் கர்பியானோஸ் பக்கம் போயின.

"என்னையா?" கர்பியானோஸ் வெளுத்தார்.

"உங்களுக்கு அவ்வளவு தைரியம் கிடையாது," என்றார் பர்தானிஸ். "மாட்டிவிட நினைச்சிருந்தாலும் இப்படிச் செய்ய முடியாது. சிவப்பைப் பாத்த எந்த வீட்டுலயும் கதவைச் சாத்திட்டுக் காவலைக் கூப்பிட்டிருப்பாங்க, புத்தகம் கைக்கு வந்திருக்காது. தெக்லா அம்மா குடுத்ததுக்கு ஒரு காரணம் உண்டு. அதை வேற யாரும் முன்கூட்டியே ஊகிச்சிருக்க முடியாது. அதனால எழுதினவன் பச்சைன்னு நினைச்சுத்தான் எழுதினான். மை அரண்மனை மை. அதைத் தொடற ஆள் ஒருத்தர். ஆணையில கையெழுத்துக்கு மேல இருக்கற கறுப்பு எழுத்தும், மாத்தி எழுதப் பாத்திருந்தாலும், ஒன்பது வயசுக் கை இல்ல."

தெக்லா சட்டென்று நிமிர்ந்தாள். இத்தனை நாளாகத் தாங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அவள் தோளிலிருந்து இறங்கியது. அரியணையைப் பார்த்தாள். பையன் அவளைப் பார்த்துக் கையாட்டினான்.

"கலிஸ்தோஸ் ஐயா செர்ரிப் பழத்தைக் கண்ணால பாத்துப் பறிக்கல, விரலால பறிச்சாரு. மையை மோந்து பாத்துத்தான் எடுப்பாரு, பன்னீர்னா சிவப்பு, காடின்னா பச்சை. பதினேழு வருஷம் அந்த மூக்கு அவரைக் கைவிடல. இந்த மாசம் ஒண்ணாந்தேதி மூக்கு அடைச்சுப் போச்சு. அதே நாள் பட்டறையிலேருந்து கழுவி வந்த நாய்க்குட்டிங்களை யாரோ இடம் மாத்தி வெச்சிட்டாங்க, மறுநாள்தான் சரி பண்ணியிருக்காங்க. இடத்தை நம்பி எடுத்தாரு. இன்னிக்கு நான்தான் மாத்தி வெச்சேன். மூக்கை அடைச்சது தராசியோஸ்."

தூணுக்குப் பின்னாலிருந்து தராசியோஸ் தும்மினார்.

"எதற்காக?" என்றாள் மகாராணி. "தங்க அட்டைக்காகவா?"

"அட்டையை வந்தவன் கேக்கவே இல்ல, தாயே. உள்ள இருந்த எழுத்துதான் வேண்டியிருந்துச்சு. நிறங்களைப் பத்தின புத்தகம்."

கலிஸ்தோஸ் அப்போதுதான் பேசினார். மண்டியிட்ட நிலையிலேயே, யாரையும் பார்க்காமல். "அதுல என் கண்ணுக்கு மருந்து இருக்கும்னு கேள்விப்பட்டேன். வாய்விட்டுக் கேக்க முடியல. கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க. சிவப்பும் பச்சையும் தெரியாதவன் மைக்கூட்டுக் காப்பாளரான்னு ஊரே சிரிக்கும். படிச்சிட்டு ராவோட ராவா நூலகத்துல வெச்சிடலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள கையெழுத்து சிவப்புன்னு ஊர் பேச ஆரம்பிச்சிடுச்சு. அப்பத்தான் என்ன செஞ்சிட்டேன்னு எனக்கே தெரிஞ்சுது. சொல்லணும்னு தினமும் கிளம்புவேன். நாக்கு எழும்பல."

"நாக்கு எழும்பலையா!" செவஸ்தி காவலைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல எங்க அக்கா கண்ணு போயிருக்கும்! நீ மைக்கூட்டைத் தடவிக்கிட்டு நல்லா இருந்திருப்பே! மனுஷனாய்யா நீ?"

அவள் கத்தியதை யாரும் தடுக்கவில்லை. மௌனக் காவலருக்கும் அன்று பிரம்பில்லை.

அரசக் கையெழுத்தைப் பொய்யாக எழுதினால் கண்ணைத் தோண்டுவது சட்டம். மகாராணி அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. கலிஸ்தோஸ் ஏற்கெனவே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தெக்லா, உனக்குத்தான் அநீதி நடந்திருக்கிறது. நீ சொல்," என்றாள் மகாராணி.

தெக்லா மெதுவாக அவர் அருகில் போய் நின்றாள். "எனக்குக் கோபம் ஆறல. ஆறும்னும் தோணல. அஞ்சு நாளா அந்தச் சன்னலைப் பாத்துக்கிட்டே கிடந்தேன், வானம் மறந்து போயிடக் கூடாதேன்னு." கலிஸ்தோஸின் மூடிய கண்களைப் பார்த்தாள். "ஆனா தாயே, கண்ணுக்குக் கண்ணுன்னா இவர்கிட்ட எடுக்கறதுக்குப் பாதிதான் இருக்கு. அதையும் எடுத்து என்ன செய்யப் போறோம்?" பிறகு கலிஸ்தோஸிடம் கேட்டாள்: "மருந்து இருந்துச்சா அதுல?"

"இல்லம்மா. மூணு தடவை படிச்சிட்டேன். நிறம் பாக்கிறவன் கண்ணுல இருக்குன்னு ஒரு வரி. அவ்வளவுதான்."

"கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அதற்குத்தான் அந்த மனிதர் அழுதார்.

"அம்மா," என்றது அரியணையிலிருந்து ஒரு சின்னக் குரல். "அவருக்கு என் செருப்பு என்ன நிறமாத் தெரியும்?"

மன்னரின் சிவப்புச் செருப்பு, தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தது. கலிஸ்தோஸ் நிமிர்ந்து அதைப் பார்த்தார். "காய்ஞ்ச இலை மாதிரி, மகாராஜா. ஆனா உங்க காலுல இருக்கறதால அது சிவப்புன்னு எனக்குத் தெரியும்."

பையன் யோசித்தான். "பாவம்," என்றான் கடைசியில்.

மகாராணி மகனைப் பார்த்தாள். பிறகு சன்னல்களைத் திறக்கச் சொன்னாள். கடற்காற்று உள்ளே வந்து புகையைக் கலைத்தது. சுவரில் மன்னர்கள் ஒவ்வொருவராகத் தெளிந்தார்கள். தெக்லாவுக்கு விடுதலை. புத்தகம் அவளிடமே திரும்ப வேண்டும். கலிஸ்தோஸுக்குப் பதவி போயிற்று, கண் போகவில்லை. மிச்ச நாளைத் தீவு மடத்தில் கறுப்பு மையில் ஏடு எழுதிக் கழிக்க வேண்டும். எழுத்தர் அங்கேயே ஆணையை எழுதி முடித்தார்.

"புது ஆள் வரும்வரை நீதான் மைக்கூட்டுக் காப்பாளன்," என்றாள் மகாராணி. "எடு."

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலிஸ்தோஸ் எழுந்து மேசையருகே போனார். ஒரு நாயின் மீது குனிந்தார், மற்றதன் மீது குனிந்தார், மறுபடி முதலாவதற்கு வந்தார். செவஸ்திகூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். தராசியோஸ் தன்னையறியாமல் தானும் காற்றை மோந்தார்.

கலிஸ்தோஸ் பேனாவைத் தோய்த்து, மண்டியிட்டு நீட்டினார். மகாராணி எழுதுவதற்குமுன் முனையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

பச்சைதான்.